கத்தரிக்கோல் படாத இதழ்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய பத்திரிகைகளைச் சேர்ப்பவர் என்று சொல்லி என்னை அறிமுகப்படுத்தினார்கள். நம் ஊரில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் இரண்டு வகை. தராசோடு தெருவில் வருகிறவர்கள் ஒரு வகை. தராசுக்காரர் பின்னாலேயே போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. முதல் வகையினர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. அவர்கள் கடைக்கு வந்து சேர்ந்ததால்தான் பல கட்டுகள் என் கண்ணில் பட்டன. கடைக்கு வராமலே கரையானுக்கும் வெந்நீர் அடுப்புக்கும் போனவை எத்தனையோ.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். பழைய பத்திரிகையை வைத்திருப்பதானால் முழு இதழாக வைத்திருங்கள். முகப்பு அட்டை, விளம்பரம், சந்தா அறிவிப்பு, வாசகர் கடிதம், கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தார் பெயர் வரைக்கும் எல்லாம் இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடுகிறோமே, அந்தப் பழக்கத்தால் நாம் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. அதைத்தான் இந்த ஒரு மணி நேரத்தில் சொல்லப் போகிறேன்.

முதலில் நம்மிடம் என்னென்ன இருந்தன என்று வேகமாக ஒரு பார்வை பார்த்துவிடலாம். இந்தியாவின் முதல் செய்தித்தாளை ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் வெளியிட்டார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸை வம்புக்கு இழுத்துச் சிறைக்குப் போய், இரண்டே ஆண்டில் அச்சுக் கருவிகளையும் பறிகொடுத்தார். சென்னைக்கு 1785இல் 'மெட்ராஸ் கூரியர்' வந்தது. தமிழில் முதல் இதழ் என்று பலரும் குறிப்பிடுவது 1831இல் சென்னையில் கிறித்தவச் சங்கமொன்று நடத்திய 'தமிழ் மேகசின்'. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1841இல் 'உதயதாரகை'யைத் தொடங்கியது. பெர்சிவல் பாதிரியாரின் 'தினவர்த்தமானி' 1855. ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' 1882இல் வார இதழாகப் பிறந்து 1899இல் நாளிதழாயிற்று. சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' 1887. அதற்குப் பிறகு கணக்கில் அடங்காது. சாதிச் சங்கம் நடத்தியது, சைவ மடம் நடத்தியது, மருத்துவர் நடத்தியது, மாதர் சங்கம் நடத்தியது என்று நம் ஆட்கள் ஆளுக்கொரு பத்திரிகை நடத்தினார்கள். இரண்டு இதழோடு நின்றதும் உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யை நடத்தியதைப் போல முப்பது ஆண்டுக்கு மேல் ஓடியதும் உண்டு.

இவற்றில் மிஞ்சியது எவ்வளவு? சிலவற்றுக்குப் பெயர் மட்டும் மிச்சம். அந்தப் பெயரும் எங்கிருந்து கிடைக்கிறது என்று பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை சர்க்கார் வாரந்தோறும் ஒரு ரகசிய அறிக்கை தயாரித்தது. நம் மொழிப் பத்திரிகைகளில் சர்க்காரைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுப்பார்கள். அதிகாரிகள் படித்துவிட்டுக் கோப்பில் வைப்பார்கள். அந்தக் கோப்புகள் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. நாம் பொட்டலம் மடித்த பத்திரிகைகளின் சாரத்தை வெள்ளைக்கார சர்க்கார் பத்திரப்படுத்தியிருக்கிறது. ஆனால் எதைப் பத்திரப்படுத்தியது? தனக்குப் பயம் தந்ததை மட்டும். அதே இதழில் வந்த தொடர்கதை, மருந்து விளம்பரம், நாடகக் கொட்டகை அறிவிப்பு, ஊர்க் கடிதம் எதற்கும் அந்த அறிக்கையில் இடமில்லை. அதுவும் ஒருவகையில் கத்தரித்து வைத்ததுதான். கத்தரித்தவருக்கு எது முக்கியமோ அது தங்கியது, மற்றது போயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று ஒரு வார இதழைத் தொடங்கினார். நாலு பக்கம், விலை காலணா. ஓராண்டு கழித்துப் பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. 1914இல் பண்டிதர் மறைந்தார். பிறகு தமிழ்நாட்டு அறிவுலகம் அவரை ஏறக்குறைய மறந்தே போயிற்று. பாடப்புத்தகத்தில் இல்லை, இலக்கிய வரலாற்றில் இல்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. இன்று அவரைத் தவிர்த்துவிட்டுத் தமிழகச் சிந்தனை வரலாற்றை எழுத முடியாது. அந்தத் தொகுப்பு எப்படி சாத்தியமாயிற்று? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் 'தமிழன்' இதழ்களைக் கட்டுக் கட்டாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத காலத்தில் பண்டிதர் நிறுவிய பௌத்த சங்கத்துக் குடும்பங்கள் அந்தத் தாள்களைத் தங்கள் பொறுப்பாக நினைத்தன. அவர்கள் நடுவில் யாராவது, இது நல்ல கட்டுரை, இது சாதாரணச் செய்தி என்று பிரித்துக் கத்தரித்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது அவர்களுடைய ரசனைதான், அயோத்திதாசர் அல்ல.

இன்னொருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை மட்டுமல்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், துண்டறிக்கை என்று அச்சில் வந்த எதையும் விடாமல் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவினார்கள். தமிழ் ஆராய்ச்சி செய்கிற யாரும் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. நோட்டீஸையும் சேர்க்கிறாரே என்று அந்தக் காலத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று நாடக வரலாறு எழுதுகிறவர் முதலில் கேட்பது அந்த நோட்டீஸைத்தான்.

இப்போது கத்தரிக்கோல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் அந்தப் பக்கங்களை வாராவாரம் பிரித்து எடுத்து, சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ போட்டு, முதுகில் பொன்னிற எழுத்துப் பொறித்து வைத்தார்கள். மணியத்தின் ஓவியங்களோடு கூடிய அந்த பைண்டுகள் இன்று பழைய புத்தகக் கடையில் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றைச் செய்த கைகளுக்கு நான் ஆயிரம் நன்றி சொல்வேன். அவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சித்திரங்கள் இவ்வளவு வீடுகளில் தங்கியிருக்காது.

ஆனால் மிச்சப் பக்கங்கள் என்ன ஆயின என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? அந்த நாலு ஆண்டுகளில் நாட்டில் என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். முதல் பொதுத் தேர்தல். ராஜாஜி முதலமைச்சரானது. உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தது. தனி ஆந்திரம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர்விட்டது. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு. 1954இல் ராஜாஜி விலகியது. கல்கி வெறும் தொடர்கதை ஆசிரியர் இல்லை. ராஜாஜியின் பக்கம் நின்று அரசியல் தலையங்கம் எழுதிய பத்திரிகையாசிரியர். கதையில் வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டிருந்த அதே வாரங்களில் அவர் இந்த விஷயங்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார். கதை மறுபதிப்பு மேல் மறுபதிப்பாக வந்து எங்கும் கிடைக்கிறது. மறுபதிப்பு காணாத பக்கங்கள்தான் எடைக்குப் போயின. எளிதில் திரும்பக் கிடைக்கக் கூடியதை வைத்துக்கொண்டு கிடைக்காததை விற்றிருக்கிறோம்.

பாரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1906இல் சென்னையில் தொடங்கி, 1908இல் புதுச்சேரிக்குப் போய், 1910இல் நின்ற 'இந்தியா' வார இதழில் அரசியல் கருத்துப்படங்கள் வந்தன. தமிழில் அது புதுமை. பாரதியின் பாட்டும் கட்டுரையும் புத்தகமாயின, தொகுதியாயின, மலிவுப் பதிப்பாயின. ஆனால் 'இந்தியா'வின் கருத்துப்படங்கள் தொகுக்கப்பட்டு ஒரு நூலாக வந்தது 1994இல். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தார். அதற்குள் பாரதி மறைந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு தாமதம்? எழுத்தைப் பெயர்த்து எழுதுகிறவர்களுக்குப் படம் கண்ணில் படுவதில்லை. பெயர்த்தெழுதிய நோட்டை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பெற முடியாது. இதழ் வேண்டும்.

அதே 'இந்தியா'வில் இன்னொரு பாடமும் உண்டு. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் இடமும் ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டியிருந்தது. பத்திரிகைக்குப் பொறுப்பேற்பவர் மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 1908இல் 'இந்தியா' மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் மு. சீனிவாசன். ஐந்தாண்டுச் சிறை அவருக்கு விழுந்தது. எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். நாம் படிக்காமல் தாண்டிப் போகும் பொடி எழுத்து வரி ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது. கட்டுரையைக் கத்தரிக்கிற கை முதலில் தள்ளிவிடுவது அந்த வரியைத்தான்.

'குடி அரசு' கதையும் இப்படித்தான். 1925 மே 2 அன்று ஈரோட்டில் பெரியார் தொடங்கிய பத்திரிகை. 1933 அக்டோபர் இறுதியில் வந்த ஒரு தலையங்கத்துக்காகப் பெரியார் சிறை சென்றார். பத்திரிகை நின்றது. உடனே 'புரட்சி' வந்தது. அதற்கும் நெருக்கடி வந்தபோது 'பகுத்தறிவு' வந்தது. 1935இல் மறுபடியும் 'குடி அரசு'. ஒரே பெயரை மட்டும் தேடிச் சேர்க்கிறவர் கட்டில் ஓராண்டுக்கு மேல் ஓட்டை விழும். பத்திரிகை செத்தது என்று எழுதிவிடுவார். வரிசையாகச் சேர்க்கிறவருக்குத்தான் பெயர் மாறியும் மூச்சு நிற்கவில்லை என்று புரியும். அந்தப் பக்கங்களில் வந்த சுயமரியாதைத் திருமண அறிவிப்புகளை யார் பொருட்படுத்தினார்கள்? எந்த ஊரில், யார் தலைமையில், எந்தச் சாதிகளுக்கு இடையே திருமணம் நடந்தது என்று அறிய இன்று அந்தச் சின்ன அறிவிப்புகளைப் போலச் சான்று வேறில்லை.

கையில் கொண்டுவந்திருக்கிற ஓர் இதழை உங்களுக்குக் காட்டுகிறேன். பின்னால் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து பார்க்கலாம், தொட மட்டும் வேண்டாம். 1943இல் வந்த ஒரு வார இதழ். பெரிய இதழ் இல்லை, அரியதும் இல்லை. யுத்தத் தாள் பஞ்சம், ஆகவே மெலிந்திருக்கிறது. தாள் காப்பித்தூள் நிறம். மேல் ஓரத்தில் சந்தாதாரரின் பெயர் நீல மையில். உள்ளே பாதுகாப்புச் சேமிப்புப் பத்திரம் வாங்கச் சொல்லும் சர்க்கார் விளம்பரம். அதற்கு எதிர்ப்பக்கம் கூந்தல் தைலம். கதை நடுவில் கட்டம் போட்டு ஓர் அறிவிப்பு: பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் தன் தம்பியைப் பார்த்தவர் இருந்தால் தெரிவிக்கும்படி செட்டிநாட்டு ஊர்க்காரர் ஒருவர் கேட்கிறார். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவில் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து வந்த செய்தி வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் ஒரு வீட்டு வாசலில் நின்ற கவலை இந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது.

இன்னும் ஒன்று பாருங்கள். கடைசிக்கு முந்தைய தாளில் சதுரமாக ஓர் ஓட்டை. குறுக்கெழுத்துப் போட்டிக்கான கூப்பன் இருந்த இடம். அந்தக் காலத்துப் பத்திரிகைகளை வளர்த்ததே போட்டிகள்தான். எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகட'னை எடுத்து நடத்தியபோது போட்டிகளால்தான் விற்பனை ஏறியது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தச் சந்தாதாரர் கூப்பனை வெட்டி அனுப்பியிருக்கிறார், பரிசு கிடைத்ததா தெரியாது. ஓட்டையின் பின்பக்கத்தில் இருந்த கவிதையின் நடுப்பகுதி அதோடு போயிற்று. கடைக்காரர்கள் இதைப் பழுது என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். நான் இதை ஒட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. படித்தவர் கை பட்ட அடையாளம் இது.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது 1947 ஆகஸ்ட் 15ஆம் தேதிப் பத்திரிகை இருக்கிறதா, காந்தி சுடப்பட்ட மறுநாள், 1948 ஜனவரி 31, இருக்கிறதா, 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் இருக்கிறதா என்றுதான். ஆசை நியாயமானது. ஆனால் கவனியுங்கள். பெரிய நாள் என்று அன்றைக்கே தெரிந்ததால் எத்தனையோ பேர் அந்த இதழ்களைப் பெட்டியில் வைத்தார்கள். யாரும் எடுத்து வைக்காதது 1947 ஆகஸ்ட் 26ஆம் தேதி இதழ். சுதந்திரம் வந்து பதினோரு நாள் ஆனபோது அரிசி விலை என்ன, ரயில் நேரம் என்ன, எந்தப் படம் ஓடியது, எந்த ஊரில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற தாள் அது. தலைப்புச் செய்தியைப் புத்தகங்கள் காப்பாற்றும். சாதாரண நாளைக் காப்பாற்ற நம்மைத் தவிர ஆளில்லை.

பெரிய நாள் இதழ்களில் இன்னொரு ஆபத்து, போலி. போலி என்றால் ஏமாற்று வேலை மட்டும் இல்லை. பொன்விழா, நூற்றாண்டு என்று பத்திரிகைகளே பழைய முதல் பக்கத்தை மறுபடி அச்சடித்து விநியோகிக்கும். பத்து வருஷம் பரணில் கிடந்தால் அதுவும் மஞ்சளாகிவிடும். அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்த செய்தியைத் தாங்கிய 1800 ஜனவரி 4 தேதியிட்ட 'அல்ஸ்டர் கவுண்டி கெஸட்' பல பத்து முறை மறுஅச்சாகி வீடுவீடாகக் கிடக்கிறது. உண்மையான பிரதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? ஈய எழுத்தில் அச்சடித்த தாளின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினால் எழுத்து அழுந்திய மேடு தெரியும். ஆப்செட்டில் அடித்த தாள் வழவழவென்றிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மறுஅச்சின் எழுத்து ஓரங்கள் பிசிறியிருக்கும், பழைய மடிப்பும் கறையும்கூட அச்சிலேயே வந்திருக்கும்.

தேதி இல்லாத தாள் கிடைத்தால் என்ன செய்வது? அட்டை போயிருக்கும், முதல் பக்கம் போயிருக்கும். அப்போது நமக்குத் துணை நிற்பவை, மற்றவர்கள் வேண்டாம் என்று கழிக்கும் ஓரங்கள்தான். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந. பை.' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். அப்போதுதான் 'நயா பைசா' வழக்கில் இருந்தது. முகவரியில் 'சென்னை-2' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழையது. 600 என்று தொடங்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்துவிட்டால் 1972க்குப் பிந்தியது. மாநிலம் 'தமிழ்நாடு' என்று சர்க்கார் அறிவிப்பில் இருந்தால் 1969க்குப் பிறகு.

ஆனால் ஒரே அடையாளத்தை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. 'ணை', 'லை', 'றா' போன்ற எழுத்துகள் சீர்திருத்த வடிவில் இருந்தால் 1978ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிந்தியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 'குடி அரசு' 1935லேயே அந்த வடிவங்களில் அச்சாகத் தொடங்கிவிட்டது. தமிழ் வருஷப் பெயரும் அப்படித்தான். 'சர்வசித்து' என்று போட்டிருந்தால் 1947 ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு முந்தைய 1887 ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்துருவையும் விளம்பரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதழ் எண்ணிலும் நம் முன்னோர் விளையாடியிருக்கிறார்கள். 'செந்தமிழ்ச் செல்வி' தொகுதியைச் சிலம்பு என்றும் இதழைப் பரல் என்றும் குறித்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப்பொழில்' துணர், மலர் என்றது. தெரியாதவர் 'மலர் 4' என்பதை நாலாவது ஆண்டு என்று பட்டியலில் ஏற்றிவிடுவார். வரிசையே குழம்பிப் போகும்.

இனிப் பாதுகாப்பு. ஒரு வேடிக்கை பாருங்கள். 1840களின் மிஷன் இதழ் இன்றும் ஓரளவு வெளுப்பாக, மடித்தால் முறியாமல் இருக்கும். அதற்கு நூறு ஆண்டு பிந்திய யுத்தகால இதழைத் தொட்டால் சில்லுச் சில்லாக உதிரும். பழைய தாள் கந்தல் துணியிலிருந்து செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்த் தாள் பரவியது. மலிவு, ஆனால் மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும். மை பரவாமலிருக்கப் படிகாரம் சேர்த்ததால் தாளிலேயே அமிலம் உண்டாகி நாரை அறுக்கும். ஆகவே பத்திரிகையின் எதிரி வெளியில் மட்டும் இல்லை, தாளுக்குள்ளேயே இருக்கிறது. நாம் செய்யக் கூடியது அதை மெதுவாக்குவதுதான்.

வீட்டில் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் பிசின் ஊறித் தாள் பழுப்பாகும், எடுக்கவும் முடியாது. லேமினேஷன் கூடவே கூடாது. துருப்பிடித்த பின்னை மெல்லக் கழற்றி வெள்ளை நூலால் கட்டுங்கள். நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்து அடுக்குங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும். வெயிலும் ஈரமும் படாத இடம், சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி. இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம். வேப்பிலையைத் தாளுக்கு இடையில் நேராகச் செருகினால் கறை படியும். பைண்டிங் கொடுப்பதானால் கடைக்காரரிடம் கறாராகச் சொல்லுங்கள்: ஓரம் வெட்டாதே, அட்டையைக் கழற்றாதே, விளம்பரத் தாளை எடுக்காதே. ஓரத்தை அழகுக்காக வெட்டும் இயந்திரம் வாசகர் எழுதிய குறிப்பையும் தேதியையும் கொண்டுபோய்விடும். நூலகங்களில் இருக்கும் பழைய பைண்டுகளில் முகப்பு அட்டை இல்லாமல் போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடைசியாக, சேர்த்து வைத்ததை என்ன செய்வது? பீரோவில் பூட்டி வைத்தால் அதற்கும் அடுப்புக்குப் போனதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களோடு பழைய பத்திரிகைக் கட்டுகளும் போயின. 1985இல் சென்னை மூர் மார்க்கெட் தீயில் எத்தனை பழைய புத்தகக் கடைகள் போயின என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரே பிரதி, ஒரே இடம் என்றால் அது பத்திரமான இடமே இல்லை. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட ஈழத்து நண்பர்கள் 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துப் பத்திரிகைகளை உலகின் எந்த மூலையிலிருந்தும் அதில் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இங்கே இருக்கிறது. புதுக்கோட்டை ஞானாலயா, பொள்ளாச்சி நசன் போன்ற தனிமனித முயற்சிகள் பல சிற்றிதழ்களைக் காப்பாற்றியிருக்கின்றன. சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 119 இதழ் வந்தது. முழு வரிசை ஒரே இடத்தில் இருந்தால்தான் புதுக்கவிதை எப்படி வாதாடி வாதாடி இடம்பிடித்தது என்று தெரியும்.

மின்னூலகத்துக்காக வருடி எடுக்கும்போதும் நான் சொன்ன விதி பொருந்தும். நல்ல கட்டுரைகளை மட்டும் வருடுவது டிஜிட்டல் கத்தரிக்கோல். அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, ஓட்டை உட்பட எடுக்க வேண்டும். பதிப்புரிமை நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரை. அதைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

இந்த வாசகர் வட்டத்துக்கு என் கோரிக்கைகள் இவை. ஒன்று, உறுப்பினர்கள் வீட்டில் இருக்கும் பழைய இதழ்களை ஒரு நோட்டில் பட்டியலிடுங்கள். பெயர், ஆண்டு, மாதம், எத்தனை இதழ், யார் வீட்டில் என்பது போதும். இதழை யாரும் கொடுக்க வேண்டியதில்லை, இருக்குமிடம் தெரிந்தால் போதும். இரண்டு, நம் மாவட்டத்தில் அச்சான பத்திரிகைகளுக்கு முதலிடம் கொடுங்கள். பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க இதழ், தொழிற்சங்கத் தாள், கோயில் கும்பாபிஷேக மலர் எல்லாம் இதில் சேரும். சென்னைப் பத்திரிகையைச் சென்னையில் யாராவது வைத்திருப்பார்கள். நம் ஊர்த் தாளை நாம் வைக்காவிட்டால் வைக்க ஆளில்லை. மூன்று, பழைய பேப்பர் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வையுங்கள். 1980க்கு முந்திய கட்டு வந்தால் எடைக்கு மேல் விலை தருவோம் என்று சொன்னால், நம்மைவிட அவர்களே கூர்மையாகப் பார்ப்பார்கள். நாலு, இந்த மாதத்துப் பத்திரிகைகளில் ஏதேனும் ஒன்றை, உள்ளூர்ப் பதிப்பாகப் பார்த்து, வருஷம் முழுக்க ஓர் இதழ்கூட விடாமல் நூலகத்தில் வையுங்கள். இணைப்பிதழோடு, செருகி வரும் துண்டு விளம்பரத்தோடு. அறுபது ஆண்டு கழித்து இந்த மேடைக்கு வருகிறவர் நம்மிடம் கேட்கப் போவது தலைப்புச் செய்தியை அல்ல, அந்தத் துண்டு விளம்பரத்தில் போட்டிருந்த வீட்டு வாடகையை.

நோட்டுப் புத்தகம் ஒன்றை நூலகர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என்னிடம் உள்ளவற்றின் பட்டியல் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது உங்கள் வீட்டுக் கட்டின் பெயரையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். பென்சில் அதனுள்ளேயே இருக்கிறது.